கிரேன்மேல் விழுந்த மின்னல்

ஊரே பாராட்டினால் யாருக்கும் முகம் மலரும். பெரியவளுக்கு மட்டும் அன்று காலையிலிருந்து பாராட்டு வர வர முகம் சுண்டிக்கொண்டே போனது.

"அந்த மின்னல் படம் நீங்க எடுத்ததாமே? பேப்பர்ல பாத்தேன். பின்னிட்டீங்க போங்க!" என்றார், மூக்குக்கண்ணாடியின் காலை உடைத்துக்கொண்டு வந்திருந்த வாத்தியார்.

"சும்மா... தற்செயலா அமைஞ்சது சார்."

"தற்செயலா அமையுமா? எவ்வளவு தைரியம் வேணும்! இடிச் சத்தம் கேட்டா நான் கட்டிலுக்கு அடியில போயிடுவேன். என் சம்சாரம் அங்க ஏற்கனவே இருப்பா."

வாத்தியார் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பெரியவள் சிரிக்க முயன்று, திருகாணியைக் கைதவறிக் கீழே போட்டாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள் அவள். மூக்குத்தியைவிடச் சின்னத் திருகாணிகளை இருட்டிலும் பூட்டுவாள் என்று கடை முதலாளி பெருமை பேசுவார். அந்தக் கை அன்று தவறியது.

ஏன் தவறியது என்பது இந்தக் குடும்பத்தை வாராவாரம் எட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களும் தெரிந்துகொள்ளட்டும். அவளுக்கு இனி மறைக்க என்ன இருக்கிறது?

ஒரே வீட்டில் மாடியில் பெரியவள், கீழே தங்கை சின்னவள். பெரியவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எங்க அக்கா மேகத்துக்கு வாக்கப்பட்டுட்டா" என்பாள் சின்னவள். பொய்யில்லை. வானம் கறுத்தால் போதும், கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுவாள். அவளைப்போன்ற இடிமழைப் பைத்தியங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். ராடார் படத்தைப் பார்த்து எந்த மேகம் எங்கே போகிறது என்று போனில் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்வார்கள். அதில் இவளுக்கு 'இடி அக்கா' என்று பட்டப்பெயர். அவள் வரும் என்று சொன்ன மழை வராமல் போனதாகச் சரித்திரமில்லை.

அந்தச் சாமர்த்தியம் குடும்பத்துக்கும் உதவியது. சின்னவளின் புருஷன் உயரமான கட்டடங்களில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். வேலையிடத்தில் காற்று பலமானால் அலாரம் அடிக்கும். மின்னலுக்கு எதுவும் அடிக்காது. பெரியவள்தான் போன் செய்வாள். "மாப்பிள்ளை, எறங்குங்க." அவ்வளவுதான், அவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஏணியைப் பிடித்துவிடுவார். "பொண்டாட்டிக்குப் பயப்படறவனைப் பாத்திருக்கோம், பொண்டாட்டியோட அக்காவுக்குப் பயப்படறவனை இப்பதான் பாக்கறோம்" என்று கூட வேலை செய்கிறவர்கள் ஓட்டுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அந்தப் போன் வரவில்லை. அவர் பாதி ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தபோது கிரேனில் மின்னல் விழுந்தது. ஏணியின் நடுவே இருந்த இரும்புத் தட்டில் தூக்கி எறியப்பட்டு, தோள் எலும்பு முறிந்து, ஒரு காது கேளாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அதே மின்னலைத்தான் பெரியவள் தன் மொட்டை மாடியிலிருந்து படம் எடுத்திருந்தாள்.

"லைனே கிடைக்கலடி" என்று தங்கையிடம் சொன்னாள். அது பொய். அன்று போனைத்தான் கேமராவுக்கு ரிமோட்டாக வைத்திருந்தாள். நடுவில் யாராவது கூப்பிட்டால் இணைப்பு அறுந்து படம் போய்விடும் என்று, அதை ஃப்ளைட் மோடில் போட்டிருந்தாள். இந்தக் குழுவில் எல்லோரும் செய்கிற காரியம்தான். மற்றவர்களின் போனை நம்பி யாரும் உயரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

வாத்தியார் போனதும் கடைக்குள் நுழைந்தார் மருந்துக்கடைக்காரர். மழைக் குழுவின் தலைவர் அவர்தான். பொங்கிப் பொங்கிப் பேசுகிற நல்ல மனிதர்.

"இடி அக்கா! உங்க படத்தை ஆளுயரத்துக்குப் பெருசாக்கிச் சட்டம் போட்டாச்சு. உங்க தங்கை வீட்டுக்காரர் இன்னிக்கு வீட்டுக்கு வர்றாராமே? சாயங்காலம் குழு சார்பா வந்து அவர் கையிலேயே கொடுத்துடறோம். செத்துப் பிழைச்ச மனுஷனுக்கு இதைவிட என்ன ஞாபகார்த்தம் வேணும்?"

பெரியவள் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள்.

"இப்ப வேணாங்க. அவருக்கு உடம்பு தேறட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"என்னங்க நீங்க! உங்க தங்கச்சிகிட்ட நான் பேசிட்டேன். 'தாராளமா வாங்க'ன்னுட்டாங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் உங்களை நினைச்சு என்ன பெருமை!"

போதாக்குறைக்கு, போகிற போக்கில் ஒன்று சொன்னார். குழுவில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. எந்தப் படத்தை அனுப்பினாலும் கேமராவில் விழுந்த அசலையும் கூடவே அனுப்ப வேண்டும். லென்ஸில் ஒட்டிய தூசியைத் துடைக்கலாம். வேறு எதிலும் கை வைக்கக் கூடாது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தலைவரின் வேலை.

"ரெண்டையும் வெச்சுப் பாத்தேன். கிரேன் ஏணிகிட்ட ஒரு தூசி மட்டும்தான் துடைச்சிருக்கீங்க. வேற ஒரு மாத்தம் கிடையாது. அதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே, நேர்மை! ஆரஞ்சுக் கலர்ல சின்னதா ஒரு பொட்டு. நான்னா கவனிச்சே இருக்க மாட்டேன்."

அவர் போய்விட்டார். பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஆரஞ்சு.

தூசிக்கு நிறம் கிடையாது. படத்தில் அது மங்கலான சாம்பல் கறையாகத்தான் விழும். புதிதாகக் கேமரா பிடிக்கிறவர்களுக்கு அவளே எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அன்று சாயங்காலம் இருந்த தலைகால் புரியாத சந்தோஷத்தில் அது அவளுக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டரில் படம் திறந்தது, ஏணியில் ஒரு புள்ளி உறுத்தியது, துடைத்தாள், குழுவுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் போனை ஃப்ளைட் மோடிலிருந்து எடுத்தாள். மாப்பிள்ளை கூப்பிட்டிருந்ததாகக் குறுஞ்செய்தி வந்து விழுந்தது. அடுத்த நிமிடம் சின்னவளின் அலறல்.

கடையின் பின்னறைக்குப் போய், போனில் அசல் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினாள். கிரேன்காரர்கள் போடுகிற ஆரஞ்சுச் சட்டை. ஏணியின் நடுவே, ஒரு கடுகளவுக்கு, அவர் இருந்தார்.

அவர் அடிபட்டுக் கிடந்த நேரத்தில் அவள் மாடியில் உட்கார்ந்து அவரை அழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

லென்ஸ் தேய்க்கும் மேஜையைப் பிடித்துக்கொண்டு அவள் சற்று நேரம் கண்ணை மூடி நின்றாள். இத்தனை நாளும் அவமானம் உள்ளே ஒரு மூலையில் கிடந்தது. இப்போது உடம்பு முழுவதும் கூசியது. அவள்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். குழு வருவதற்குள் தங்கையிடம் சொல்லிவிட வேண்டும். அவர்கள் முன்னால் தெரியக் கூடாது.

சின்னவளின் முன்னறைதான் அவளுடைய பார்லர். பெரிய கண்ணாடி, முன்னால் சுழல் நாற்காலி, தரையில் எப்போதும் கொஞ்சம் முடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு புருஷனை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துணி கட்டி, முடி வெட்ட ஆரம்பித்திருந்தாள்.

"வா அக்கா! இவரைப் பாரு, தலை காடு மாதிரி கிடக்கு. இப்படியே விட்டா பார்லர்க்காரி புருஷன்னு யார் நம்புவாங்க?"

"அக்கா வந்துட்டாங்களா?" என்று கிரேன்காரர் கத்தினார். காது போனதிலிருந்து அவர் பேசுவது எல்லாமே பொதுக்கூட்டம்தான்.

"பக்கத்துலதான் நிக்கிறா. மெதுவா பேசுங்க, தெருவுக்கே கேக்குது."

"தெரு கேட்டா என்ன? திருட்டுப் பேச்சா பேசறோம்?"

அவர் கண்ணாடி வழியாகப் பெரியவளைப் பார்த்துச் சிரித்தார். தோளில் கட்டு, கன்னத்தில் ஆறிய வடு, அந்தப் பழைய சிரிப்பு. அவள் பார்வையைத் தரைக்குத் தாழ்த்தினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு நெஞ்சு மட்டுமல்ல, உள்ளங்கால் வரை குறுகுறுத்தது.

"சின்னு, உன்கிட்ட ஒண்ணு பேசணும். கொஞ்சம் உள்ள வர்றியா?"

"இங்கயே சொல்லு. இவருக்குத் தெரியாம நமக்கு என்ன ரகசியம்? இரு, முதல்ல இவரை நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன். ஆஸ்பத்திரியில நர்ஸ் முன்னாடியே கேட்டேன், மனுஷனுக்குச் சூடு சொரணை இல்ல. நீ கூப்பிட்டும் போனை எடுக்கலயே இவர்!"

பெரியவள் நிமிர்ந்தாள். "யாரு சொன்னா?"

"இவரேதான். 'உங்க அக்கா கூப்பிட்டாங்க, மணி அடிச்சது, நான்தான் வேலை மும்முரத்துல எடுக்கல'ன்னார். அன்னியிலேர்ந்து தினமும் திட்டறேன். அக்கா வார்த்தையை மதிச்சிருந்தா இந்த நிலைமை வருமா?"

"ரெண்டு கையும் லீவர்ல இருந்துச்சு. எப்படி எடுப்பேன்?" என்றார் கிரேன்காரர், யாரையும் பார்க்காமல்.

பெரியவள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கூப்பிடவே இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அவர்தான் இவளைக் கூப்பிட்டுப் பார்த்தவர். அக்கா தங்கைக்குள் விரிசல் விழக் கூடாதென்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, உடைந்த தோளோடு தினமும் திட்டும் வாங்கியிருக்கிறார். அவள் மாடியில் உட்கார்ந்து பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கத்தரிக்கோல் சட்டென்று நின்றது.

"ஆமா, நீ என்கிட்ட லைனே கிடைக்கலன்னுதானே சொன்னே?" சின்னவள் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தாள். "இவர் மணி அடிச்சதுங்கறார். லைன் கிடைக்காம மணி எப்படி அடிக்கும்?"

பெரியவள் வாயைத் திறந்தாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

"உள்ள வரலாமா?" மருந்துக்கடைக்காரரும் குழுவில் இன்னும் இருவரும், காகிதம் சுற்றிய ஒரு பெரிய சட்டத்தைக் கட்டில் தூக்குவதுபோல ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். "எழுந்திரிக்காதீங்க, எழுந்திரிக்காதீங்க! நாங்க இப்படி கண்ணாடி மேலயே சாய்ச்சு வெச்சுடறோம். உக்காந்தபடியே பாருங்க."

காகிதம் கிழிந்தது. அழகான படம்தான், அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கருநீல வானம், கட்டடத்தின் மேல் தனியாக நிற்கும் கிரேன், அதன் உச்சியில் வெள்ளையாக இறங்கி நிற்கும் மின்னல்.

"யப்பா!" என்றாள் சின்னவள்.

கிரேன்காரர் முன்னால் சாய்ந்து, படத்தை அடியிலிருந்து நுனிவரை மெதுவாகப் பார்த்தார். துணிக்கு அடியிலிருந்து நல்ல கையை வெளியே எடுத்து, ஏணியின் மேல் விரலை வைத்தார்.

"இங்க கேபின் தெரியுது. கொக்கிகூடத் தெரியுது" என்றார் அதே பெரிய குரலில். "இந்த வளைவுகிட்டதான் நான் இருந்தேன். காலை அடுத்த படியில வைக்கறதுக்குள்ள வெளிச்சம் அடிச்சது. என்னை எங்க காணோம்?"

அவர் குறையாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில் தன் முகத்தைத் தேடுகிற மாதிரிதான் கேட்டார்.

"சாயங்கால இருட்டுல ஆளெல்லாம் தெரியாதுங்க" என்று மருந்துக்கடைக்காரர் உதவிக்கு வந்தார். "அவ்வளவு தூரத்துலேர்ந்து எடுத்தது."

ஒரு தலையசைப்புப் போதும், பெரியவள் தப்பித்திருக்கலாம். தப்பிக்கத்தான் தோன்றியது, அதையும் மறைப்பானேன்? ஆனால் அவர் விரல் இன்னும் ஏணியின் மேலேயே இருந்தது.

"தெரிஞ்சீங்க மாப்பிள்ளை" என்றாள். "நான்தான் அழிச்சுட்டேன். தூசின்னு நினைச்சு."

"என்ன?" அவர் கேட்கிற காதைத் திருப்பினார்.

இரண்டாவது தடவை அதையே சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அறையில் எல்லோர் முன்னாலும், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "நீங்க படத்துல இருந்தீங்க! தூசின்னு நினைச்சு நான் அழிச்சுட்டேன்!"

மருந்துக்கடைக்காரருக்கு அந்த ஆரஞ்சுப் பொட்டு இப்போதுதான் உறைத்தது. அவர் சட்டத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"லைன் கிடைக்காம இல்ல சின்னு. நான் கூப்பிடவே இல்ல. போனை ஃப்ளைட் மோட்ல போட்டிருந்தேன், படத்துக்காக. இவர்தான் என்னைக் கூப்பிட்டிருக்கார். நான் கூப்பிட்டதா இவர் சொன்னது எனக்காக."

சின்னவள் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். குரல் உயரவில்லை. "மேகம் வர்றது உனக்குத் தெரியலையா?"

"தெரியும்."

"இவர் மேல இருந்தது?"

"கேபின்ல விளக்கு எரிஞ்சுது. பாத்தேன்."

"அப்புறம் ஏன்க்கா?"

பெரியவள் இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாததை அப்போது சொன்னாள். "ஒரே ஒரு மின்னல். அதை மட்டும் எடுத்துட்டுக் கூப்பிடலாம்னு இருந்தேன். கிரேனும் மின்னலும் ஒண்ணா வர்ற மாதிரி ஒரு படம்... ரொம்ப நாளா ஆசை. அவ்வளவு பக்கத்துல விழும்னு நினைக்கல."

குழுவைச் சேர்ந்த மற்ற இருவரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் அந்த 'ஒரே ஒரு மின்னல்' தெரியாததல்ல.

"விடும்மா" என்று கிரேன்காரர் சத்தம் போட்டார். "நான் உயிரோடதானே உக்காந்திருக்கேன்? பாதி முடியை வெட்டாம விட்டுட்டியே, அதைப் பாரு முதல்ல."

சின்னவள் அவரைப் பார்த்தாள். அவள் முகம் அப்போதுதான் உடைந்தது. "ஆஸ்பத்திரியில நாலு பேர் முன்னாடி உங்களை என்னெல்லாம் சொன்னேன்... வாயைத் திறந்திருக்கக் கூடாதா நீங்க?"

"சொன்னா நீ உங்க அக்காகூடப் பேசாம இருப்பே. ஒரே வீட்டுல படியேறி எறங்கறவங்க."

சின்னவள் கத்தரிக்கோலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து முடி வெட்டத் தொடங்கினாள். பெரியவளுக்கு அங்கே நிற்கவும் கூசியது, போகவும் கூசியது. தங்கை நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. ஒரு கன்னத்தில் அறைந்தால்கூட மறு கன்னத்தைக் காட்டியிருப்பாள்.

முடி வெட்டி முடிந்தது. சின்னவள் துணியை உதறி மடித்து வைத்துவிட்டு, அக்காவைத் தாண்டி நடந்து மருந்துக்கடைக்காரரிடம் போனாள்.

"அண்ணே, உங்க குழுவுல என்னைச் சேத்துக்கறீங்களா?"

"நீங்களா? எதுக்கும்மா..."

"படம் எடுக்க இல்ல. எனக்குக் கேமரா பிடிக்கவே தெரியாது. தோள் சரியானதும் இவர் மறுபடி மேல ஏறுவார், வேணாம்னா கேக்கற ஆள் இல்ல. அப்ப இவரை யாராவது எறங்கச் சொல்லணும்ல? அந்த ராடாரை எப்படிப் பாக்கறதுன்னு சொல்லிக் குடுங்க. நானே பாத்துக்கறேன்."

"அதுக்கு உங்க அக்காவே..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். சின்னவள் தன் போனை அவரிடம் நீட்டியபடியே நின்றாள். அவர் தர்மசங்கடத்தோடு வாங்கி, அவளைக் குழுவில் சேர்த்துக் கொடுத்தார்.

"படத்தை எடுத்துட்டுப் போங்க" என்றாள் அவள், பொதுவாக எல்லோரிடமும். யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதைக்கூடப் பெரியவள் பார்க்கவில்லை. அவள் அதற்குள் மாடிப்படி ஏறியிருந்தாள்.

அறையில் விளக்குப் போடாமல் கட்டில்மேல் உட்கார்ந்தாள். சூரியன் இறங்கும் நேரம். ஜன்னலுக்கு வெளியே, வடக்கே தூரத்தில் ஒரு மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் கை கேமராவுக்குப் போனது. சுட்டதுபோல இழுத்துக்கொண்டாள்.

போன் ஒலித்தது. மழைக் குழுவில் ஒரு செய்தி. அனுப்பியவள் சின்னவள்.

'வணக்கம். புதுசா சேர்ந்திருக்கேன். வடக்குல கறுப்பா ஒண்ணு தெரியுது. ராடார்ல சிவப்பா காட்டுது. அது நம்ம பக்கம் வருமா?'

யாரும் பதில் போடவில்லை. இப்படிக் கேள்வி வந்தால் இடி அக்கா சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருப்பதுதான் அந்தக் குழுவின் வழக்கம். பெரியவள் ராடாரைத் திறந்து பார்த்தாள். மேகம் கிழக்கே விலகிப் போய்க்கொண்டிருந்தது, சந்தேகமே இல்லை. தங்கை கீழே தனியாகப் பயந்துகொண்டிருப்பாளே என்று விரல் பதறியது. மூன்று தடவை எழுதி அழித்து, கடைசியில் அனுப்பினாள்.

'வராது சின்னு. கிழக்கே போகுது. பயப்படாதே.'

அது போய்ச் சேர்ந்த மணிச் சத்தம் கீழே பார்லரில் ஒலித்தது, மாடிப்படி வழியாக இங்கே கேட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்தாள்.

சின்னவளிடமிருந்து அடுத்த செய்தி வந்தது.

'வேற யாராவது சொல்லுங்க.'